நிரம்பாத தொட்டியும் நெருங்கிய கிணறும்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் ஓரத்தில் ஆறு சென்ட் மனையில் எங்கள் வீடு இருக்கிறது. கொல்லையில் மாமனார் காலத்து உறைகிணறு. அதிலிருந்து இருபதடி தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், என் கணவரின் பெரியப்பா வீட்டுச் செப்டிக் டேங்க் உள்ளது. ஐப்பசி இரண்டாம் வாரத்திலிருந்து கிணற்றுத் தண்ணீரில் லேசான நாற்றம். நான்கு வயது மகனுக்கு இரண்டு முறை வயிற்றுப்போக்கு வந்தது. கார்த்திகையில் கணவருக்கு மஞ்சள் காமாலை. பெரியப்பாவிடம் சொன்னால், "எங்கள் டேங்க் பதினோரு வருஷமா ஒரு தடவைகூட நிரம்பியதில்லை, அதில் என்ன கோளாறு இருக்க முடியும்?" என்கிறார். நாலடி விட்டத்தில் ஆறு உறை இறக்கிக் கட்டிய தொட்டி அது. பிரசவத்துக்கு வந்த நாத்தனாரும் அவருடைய மூன்று மாதக் கைக்குழந்தையும் எங்களோடு இருக்கிறார்கள், குழந்தைக்குப் புட்டிப்பால். ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால் போதுமா? இரவில் கழிவு லாரிகள் வாய்க்காலில் கொட்டிவிட்டுப் போகின்றனவே, அதனால் எங்களுக்குப் பாதிப்பு உண்டா? வரைபடம் ஒன்றை இணைத்துள்ளேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காரண காரியங்களைப் பிறகு பார்க்கலாம். இன்று முதலே செய்ய வேண்டியது, அந்தக் கிணற்று நீரைக் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் பயன்படுத்துவதை நிறுத்துவதுதான். பேரூராட்சிக் குழாயில் வரும் நீரைப் பிடித்து வைத்து, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆற வைத்துக் குடியுங்கள். நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு: காய்ச்சிய நீர் சுடுகிறது என்று அதில் அரை டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கலந்து குழந்தைக்குக் கொடுப்பார்கள். அந்த அரை டம்ளரில் காய்ச்சிய பயன் முழுவதும் போய்விடுகிறது. மோருக்கு ஊற்றும் நீர், சட்னி அரைக்கும் நீர், பல் துலக்கும் நீர், பால் புட்டியைக் கடைசியாக அலசும் நீர் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

கைக்குழந்தையின் விஷயம் வேறு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலசலக் கழிவு கலந்த நிலத்தடி நீரில் நைட்ரேட் என்ற உப்பு கூடியிருக்க வாய்ப்பு அதிகம். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் இந்த நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குலைக்கக்கூடும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். ஆகவே பரிசோதனை முடிவு வரும் வரை அந்தக் கிணற்று நீரை, காய்ச்சியதானாலும் சரி, புட்டிப்பால் கரைக்கப் பயன்படுத்தவே கூடாது. தாய்ப்பாலுக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று உங்கள் நாத்தனார் மருத்துவரிடம் கேட்பது இன்னும் நல்லது. குழந்தையின் உதடு நீலமாகத் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இப்போது உங்கள் பெரியப்பாவின் வாதத்துக்கு வருகிறேன். சுகாதாரப் பொறியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதே வாக்கியத்தை நான் கேட்காத ஊர் இல்லை. நிரம்பாத தொட்டி நல்ல தொட்டி என்றே எல்லோரும் நம்புகிறார்கள். கொத்தனாரும் அதையே சொல்லித்தான் கட்டுகிறார். உண்மை நேர் எதிரானது. ஒழுங்காகக் கட்டப்பட்ட செப்டிக் டேங்க் பயன்பாட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே நிரம்பிவிடும், அதன்பின் என்றும் நிரம்பியேதான் இருக்கும். உள்ளே எவ்வளவு நீர் வருகிறதோ அவ்வளவு நீர் மறுபக்கக் குழாய் வழியே வெளியேறும், கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஏடாக மிதக்கும்.

அவர் தொட்டியின் கணக்கை நீங்கள் தந்த அளவை வைத்தே போடலாம். நாலடி விட்டம், ஓரடி உயரத்தில் ஆறு உறை என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 2,100 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் கழிப்பறை நீர் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 150 லிட்டர் ஆகிறது. பதினான்கு நாளில் தொட்டி நிரம்பி வழிந்திருக்க வேண்டும். பதினோரு ஆண்டுகளில் உள்ளே போனது சுமார் 6 லட்சம் லிட்டர், அதாவது 6,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் நூறு. வரைபடத்தில் வெளியேறும் குழாய் எதையும் காணோம். அந்த நூறு லாரி நீரும் உறையின் மூட்டுகள் வழியாகவும் தளம் போடாத அடிப்பகுதி வழியாகவும் மண்ணுக்குள்தான் போயிருக்கிறது. இப்படிப்பட்ட ஒரு தொட்டியை ஒருமுறை திறந்து, ஆழம் பார்க்க மூங்கில் கழியை விட்டபோது, அது கசடைத் தாண்டி நேரே ஆற்று மணலில் இறங்கியது. கழியைப் பிடுங்கி எடுத்தால் நுனியில் பளிச்சென்று மணல் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அடேங்கப்பா, எவ்வளவு நல்லா இழுக்குது பாருங்க!" என்று மகிழ்ந்தார். அவருடைய கிணறு பத்தடியில் இருந்தது.

அப்படியானால் பத்து வருடங்களாக வராத நாற்றம் இந்த ஐப்பசியில் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். கழிவுநீர் உலர்ந்த மண்ணின் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும்போது அந்த மண்ணே ஒரு வடிகட்டி. காற்றுள்ள மண் இடுக்குகளில் கிருமிகள் ஒட்டிக்கொண்டு பெரும்பாலும் மடிந்துவிடும். தொட்டியின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் ஆறேழு அடி உலர்ந்த மண் இருக்கும் வரை இந்த வேலை ஓரளவு நடக்கும். ஆனால் காவிரிப் பாசனப் பகுதியில் நீர்மட்டம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் அது மேலேறும். அதன்மேல் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தால் சில இடங்களில் கையால் மொள்ளும் உயரத்துக்குக் கிணறு நிறையும். அப்போது நீர்மட்டம் தொட்டியின் அடியைத் தொட்டுவிடுகிறது. இடையில் வடிகட்டும் மண்ணே இல்லை. கழிவுநீரும் நிலத்தடி நீரும் நேரடியாகக் கலக்கின்றன. போதாக்குறைக்கு நீங்கள் தினமும் மோட்டார் போட்டு இறைக்கும்போது, கிணறு தன்னைச் சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கிறது. சித்திரையில் தண்ணீர் கண்ணாடி போல் இருந்ததென்பது ஐப்பசிக்குச் சாட்சி ஆகாது. நாற்றம் இல்லாத நீரிலும் கிருமி இருக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பதடி இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. ஆறு சென்ட் மனைகள் வரிசையாக அமைந்த தெருவில் இந்த விதியை ஒரு வீடு தன் எல்லைக்குள் காப்பாற்றினாலும் பக்கத்து வீடு முறித்துவிடும். உங்கள் வரைபடத்தை இரண்டு முறை பார்த்தேன். பெரியப்பா வீட்டுத் தொட்டியை அளவோடு வரைந்திருக்கிறீர்கள், கிணற்றை வரைந்திருக்கிறீர்கள், தென்னை மரத்தைக்கூட விடவில்லை. உங்கள் வீட்டுத் தொட்டியைக் காணோம். கோபித்துக்கொள்ளாதீர்கள், பெரும்பாலான கடிதங்களில் இப்படித்தான் இருக்கும். அது எங்கே இருக்கிறது, எத்தனை அடியில், அடித்தளம் உண்டா, கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்பது தெரியாமல் பெரியப்பா வீட்டின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமாகாது. சுற்றிலும் நெல்வயல் இருந்தால் யூரியாவிலிருந்தும் நைட்ரேட் வரும். ஆகவே நைட்ரேட் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது.

நோய்களைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். மலத்தின் வழி பரவும் காமாலை வைரஸ்கள் இரண்டு, ஏ மற்றும் ஈ. இவை உடலில் நுழைந்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை கழித்தே நோயாக வெளிப்படும். கார்த்திகையில் உங்கள் கணவருக்குக் கண் மஞ்சளானது என்றால், கிருமி உள்ளே போனது புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ இருக்கலாம். நாற்றம் தொடங்கிய காலத்தோடு இது ஒத்துப்போகிறது. ஆயினும் அவர் வேலைக்குப் போகும் இடத்தில் குடித்த தண்ணீராலும் வந்திருக்கலாம். கீழாநெல்லி கொடுத்தீர்களா இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை, ஆனால் எந்த வகைக் காமாலை என்று இரத்தப் பரிசோதனை செய்து தெரிந்துகொள்ளாமல் விடாதீர்கள். உங்கள் தெருவில் கருவுற்ற பெண்கள் இருந்தால் அவர்களுக்கும் செய்தி போகட்டும். ஈ வகைக் காமாலை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. 1955ஆம் ஆண்டின் இறுதியில் டெல்லியில் யமுனையில் கழிவுநீர் புரண்டு குடிநீர் எடுக்கும் இடத்தை எட்டியதால், ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அதற்குக் காரணம் ஈ வகை வைரஸ்தான் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. அன்று அந்த நீரில் குளோரின் கலந்துதான் விநியோகித்தார்கள்; டைபாய்டும் சீதபேதியும் பெருகாமல் அது தடுத்தது, வைரஸைத் தடுக்கவில்லை. நீர் கலங்கலாக இருந்து கழிவும் மிகுந்திருந்தால் குளோரினை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

மகனுக்கு மறுபடி வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். கால் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது தவறு, உப்பின் அளவு மாறிவிடும். மருத்துவர் எழுதித் தரும் துத்தநாக மாத்திரையை, வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 14 நாட்கள் முடியும் வரை கொடுக்க வேண்டும்.

இனிப் பரிசோதனை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். வேதியியல் சோதனை, கிருமிச் சோதனை என்று இரண்டும் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பலரும் முதலாவதை மட்டும் செய்துவிட்டு, "தண்ணீர் நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் வந்துடுச்சு" என்று இருந்துவிடுகிறார்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில்தான் நீர் எடுக்க வேண்டும். அதைக் கழுவக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது, பனிக்கட்டி வைத்த பையில் அன்றே கொண்டு சேர்க்க வேண்டும். சோதனைக்கு முன் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி 100 மில்லிலிட்டரில் ஈ.கோலி (மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் பாக்டீரியா) ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் கிணற்றோடு, தொட்டிகளிலிருந்து தள்ளியுள்ள வேறொரு கிணற்று நீரையும் சேர்த்துக் கொடுங்கள். சிறுநீரில் நைட்ரஜனும் குளோரைடும் மிகுதி. உங்கள் கிணற்றில் ஈ.கோலியும் இருந்து, நைட்ரேட்டும் குளோரைடும் தூரத்துக் கிணற்றைவிட மிகவும் கூடியிருந்தால், கழிவுத் தொட்டியே காரணம் என்று அநேகமாக முடிவு கட்டலாம்.

ஆர்.ஓ. பற்றி: சவ்வு நல்ல நிலையில் உள்ள இயந்திரம் கிருமியையும் நைட்ரேட்டையும் பெருமளவு நீக்கும், யு.வி. எனப்படும் புற ஊதா விளக்கு மட்டும் உள்ள இயந்திரம் நைட்ரேட்டைத் தொடாது. ஆனால் அது சமையலறையின் ஒரு குழாயைத்தான் காக்கும். உங்கள் மகன் குளிக்கும்போது வாயில் விட்டுக்கொள்ளும் நீரை அது காக்காது. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்து ஊற்றும் செலவும் உண்டு. விற்க வருபவர் இரண்டு கம்பிகள் உள்ள கருவியை உங்கள் தண்ணீரில் முக்கி, அது செங்கல் நிறத்தில் நுரைத்துக் கலங்குவதைக் காட்டியிருப்பார். அந்த நிறம் உங்கள் தண்ணீரின் அழுக்கு அல்ல, மின்சாரம் பாயும்போது அவருடைய இரும்புக் கம்பி கரைவதால் வருவது. உப்பே இல்லாத ஆர்.ஓ. நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாக நிற்கும். அந்த வித்தையைப் பார்த்து வாங்காதீர்கள். ஆய்வக அறிக்கை வந்த பிறகு, தேவையென்றால் வாங்குங்கள்.

பேரூராட்சிக் குழாயைப் பயன்படுத்தச் சொன்னேன், ஆனால் அதிலும் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் வேகமாக வர வேண்டும் என்று பலர் வாசலில் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். சிலர் நேரே மோட்டார் போட்டு உறிஞ்சுவார்கள். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் உண்டாகும் வெற்றிடம், அந்தக் குழியில் தேங்கிய சாக்கடை நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான். உங்கள் வாசலில் அப்படி ஒரு குழி இருந்தால் மண் போட்டு மூடி, குழாயைத் தரைக்கு மேல் கொண்டு வாருங்கள். முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

நீர் மாதிரி கொடுத்த பிறகு, குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் கிணற்று நீரையே பயன்படுத்தியாக வேண்டுமென்றால், குளோரின் இடலாம். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. கிணற்றின் உள் விட்டம் 2 மீட்டர், நீரின் ஆழம் 4 மீட்டர் என்றால் சுமார் 12,500 லிட்டர் நீர் இருக்கும், அதற்கு 31 கிராம். பவுடரை நேரே கொட்டாமல், ஒரு வாளியில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, மேலும் நீர் ஊற்றிக் கலக்கிப் பத்து நிமிடம் தெளிய விடுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். தெளிந்த நீரை மட்டும் வேறொரு வாளியில் ஊற்றி, கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக் கலக்குங்கள். இரவில் போட்டு, காலையில் புழங்குவது வசதி. குடிநீர்ப் பணியாளரிடம் உள்ள, குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப்பில் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்து, லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மீதமிருந்தால் போதுமான அளவு. கழிவு கலந்த நீர் குளோரினை விழுங்கிவிடும் என்பதால், உங்கள் கிணற்றில் அந்த அளவு நிற்காமல் போகலாம். வீட்டில் நெடுநாள் கிடந்து கட்டி தட்டிய பவுடர் வீரியம் இழந்திருக்கும். கசிவு நிற்காத வரை இது ஒட்டுப் போடும் வேலைதான்.

நிலையான தீர்வு தொட்டியைத் திருத்துவது. இரண்டு அறைகள், அடித்தளம், உட்புறம் முழுவதும் நீர் கசியாத பூச்சு, காற்றுக் குழாய் ஆகியவை இருக்க வேண்டும். வெளியேறும் நீரில் கிருமிகள் அப்படியே இருக்கும் என்பதை மறக்காமல், அதைக் கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் கொண்டு செல்ல வேண்டும். உங்கள் பகுதியில் நீர்மட்டம் உயரமாக இருப்பதால் ஆழமான உறிஞ்சுகுழி பயன் தராது. தரைமட்டத்துக்குச் சற்று மேலாக ஜல்லி, மணல் நிரப்பிய பாத்தி அமைத்து, கல்வாழை நட்டு, அதில் விடலாம். சாணம் கரைத்து ஊற்றுவதோ கடையில் விற்கும் பாக்டீரியா பவுடரோ தேவையில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது யாரும் தலையை உள்ளே நீட்டக் கூடாது, தீக்குச்சி கிழிக்கக் கூடாது. தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியிருப்பது பலருக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது பணத்தை அல்ல. தொட்டிக்குள் தேங்கும் நச்சு வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்க்கும்.

பெரியப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பது பொறியாளர் சொல்லித் தரக்கூடியது அல்ல, ஆனாலும் ஒன்று சொல்வேன். முதலில் உங்கள் தொட்டியைத் திறந்து பாருங்கள், அதில் குறை இருந்தால் சரிசெய்யுங்கள். அதன் பிறகு அவர் வீட்டுக் கிணற்று நீரையும் சேர்த்துச் சோதிக்கலாம் என்று கேளுங்கள். "உங்கள் தொட்டி எங்கள் கிணற்றைக் கெடுக்கிறது" என்பதைவிட, "உங்கள் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரையும் பார்த்துவிடலாம், பெரியப்பா" என்பது காதில் ஏறும்.

வாய்க்காலில் கொட்டும் லாரியைப் பற்றி நீங்கள் கேட்டது கடைசியாக இருந்தாலும் சின்ன விஷயம் அல்ல. ஆண்டுக்கணக்கில் தேங்கிய கசடு சாதாரணச் சாக்கடை நீரைவிடப் பல மடங்கு செறிவானது. அது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் மீன் செத்து மிதக்கும், பிறகு ஆகாயத்தாமரை மண்டும். கீழே குளிப்பவர்களுக்கும் மாடு குளிப்பாட்டுகிறவர்களுக்கும் வயிற்றுக் கடுப்பு, சொறி சிரங்கு. வயலில் பாயும்போது அதிலுள்ள உருண்டைப் புழுவின் முட்டைகள் ஈரமண்ணில் பல மாதங்கள், சில வேளை வருடக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். வெறுங்கையால் மண்ணில் விளையாடும் பிள்ளைகளின் வயிற்றுக்கு அங்கிருந்துதான் போகிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் குடற்புழு நீக்க மாத்திரையை உங்கள் மகனுக்குத் தவறாமல் கொடுங்கள். தமிழ்நாட்டில் கசடு மேலாண்மைக்கு 2014இலேயே வழிகாட்டு நெறிகள் வந்துவிட்டன. கருங்குழி போன்ற பேரூராட்சிகளில் சுத்திகரிப்பு நிலையமும் இயங்குகிறது. லாரிக்கு உரிமம் வேண்டும், குறிப்பிட்ட இடத்தில்தான் கொட்ட வேண்டும். வண்டி எண், நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்துப் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நாளை உங்கள் தொட்டிக்கு லாரி வரும்போதும், இதை எங்கே கொண்டு போய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

தொட்டி திருத்தி முடித்ததும் கிணற்றை முழுவதும் இறைத்துத் தூர் எடுத்து, மேல் உறைகளின் மூட்டுகளைச் சிமெண்டால் பூசி, சுற்றிலும் நீர் தேங்காதபடி தளம் போடுங்கள். அதன்பின் எடுக்கும் முதல் சோதனை அடுத்த ஐப்பசியில், கிணறு நிறைந்திருக்கும்போது எடுத்ததாக இருக்கட்டும். சித்திரை அறிக்கையை வைத்துக்கொண்டு அந்த நீரைக் குடிக்கத் தொடங்க வேண்டாம்.